சுருங்கும் மிருகம்

அத்தியாயம் ஏழு

கல்யாணம் பேசும்போது மாப்பிள்ளையிடம் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டார்கள். பெண்ணோடு மாமனாரும் சேர்த்தி என்பதுதான் அது. முதல் மாதமே மனைவி கொக்கி போட்டாள். "அப்பாவுக்குக் கூடமாட ஒத்தாசைக்கு ஆள் இல்லீங்க. நீங்கதான் சும்மா இருக்கீங்களே." அந்த 'சும்மா'வில் மாட்டிக்கொண்டவன் இன்னும் வெளியே வரவில்லை. துப்பறிகிற மாமாவுக்குப் பை தூக்குவதும், வண்டி ஓட்டுவதும், அவர் பாதியில் விடும் வாக்கியங்களை மனசுக்குள் முடித்துக்கொள்வதுமாகக் காலம் ஓடுகிறது. சம்பளத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "வீட்டு மாப்பிள்ளைக்குப் போய்ச் சம்பளமா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்பார் மாமா. அந்த நாலு பேர் யார் என்பதை மட்டும் இன்றுவரை அவனால் துப்பறிய முடியவில்லை.

இப்போது அவன் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் உட்கார்ந்து, மேஜைமேல் நின்ற மூன்று பொம்மைகளை முறைத்துக்கொண்டிருந்தான். அவையும் அவனை முறைத்தன. குதிரையின் முகம். கொரில்லாவின் முதுகு. முன்னங்கைகள் நீளமோ நீளம், பின்னங்கால்கள் குட்டை. நகங்களைப் பார்த்தால் கரடியே பொறாமைப்படும்.

"இது என்ன மிருகம் மாமா? நாலு மிருகம் செஞ்சு மிச்சமானதுல செஞ்ச மாதிரி இருக்கு."

"சாலிகோதீரியம்!" கடைக்காரர் பல்லைக் கடித்தார். கீழே ஊருக்கெல்லாம் கண்ணாடி விற்பவர்தான் மாடியில் ஆதிகால மிருகப் பொம்மை சேகரிப்போர் சங்கத்துக்குத் தலைவர். "மனுஷன் தலையெடுக்கறதுக்கு எவ்வளவோ முன்னாடி வாழ்ந்தது சார். எந்தப் பொம்மைக் கடைக்கு வேணா போங்க. பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிற அந்த ஒரே டைனோசர்தான். பச்சையில ஒண்ணு, செவப்புல ஒண்ணு, பட்டனை அமுக்கினா கத்தறது ஒண்ணு. இந்த ஜீவன் என்ன பாவம் பண்ணிச்சு? அப்படியே யாராவது செஞ்சாலும் நகத்தைத் தரையில விரிச்சு வெச்சு, வாத்து மாதிரி நிக்க வைக்கறான். இது நகத்தை உள்பக்கமா மடக்கிக்கிட்டு விரல் கணுவுல ஊன்றி நடக்கும் சார். ஒழுங்கா ஒண்ணு வராதான்னு நாங்க ஏங்கின ஏக்கம் எங்களுக்குத்தான் தெரியும்."

ஏங்குவதற்கு உலகத்தில் வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா என்று மாப்பிள்ளை கேட்க நினைத்தான். தலைவரின் கண் கலங்கியிருந்ததால் வாயை மூடிக்கொண்டான்.

அந்த ஏக்கத்தைத் தீர்க்கக் கிளம்பிய மனிதனைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள். மெழுகில் மிருகங்களைச் செதுக்குகிறவர் என்பதால் சங்கத்தில் எல்லோரும் அவரை 'மெழுகு' என்றே கூப்பிட்டார்கள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் இந்த மிருகத்தைச் செய்ய உட்கார்ந்தார். ஒரு கை வந்தது. மற்றக் கை வரவில்லை. வேறு ஊர் அருங்காட்சியகத்தில் இதன் எலும்புகள் இருக்கின்றன, விரல்கள் எப்படி மடங்குகின்றன என்று நேரில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் காலை பஸ்ஸில் ஏறினார். அருங்காட்சியகத்துக்கு அவர் போய்ச் சேரவில்லை. வீட்டுக்கும் திரும்பவில்லை.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. அனுப்பியவர் விலாசம் இல்லாமல் சங்கத்துக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே இந்த மிருகம். வயிற்றுக்கு அடியில் மெழுகு வழக்கமாகப் பதிக்கிற கட்டைவிரல் முத்திரை. வெகுநாள் கழித்து இன்னொன்று, சற்றுச் சிறியது. போன மாதம் மூன்றாவது, அதைவிடச் சிறியது. ஆள் எங்கேயோ உயிரோடு உட்கார்ந்து செய்துகொண்டிருக்கிறான் என்று சங்கமே கொண்டாடியது.

போன வாரம் மெழுகின் மனைவி மாமாவைத் தேடி வந்தாள். அதிகம் பேசாதவள். புருஷனைப் பற்றிச் சொன்ன நாலு வார்த்தையிலும் 'இருக்கார்', 'சொல்லுவார்' என்றுதான் சொன்னாள். 'இருந்தார்' என்று ஒருதரம்கூட வரவில்லை. "அவரைக் கண்டுபிடிச்சுக் கொடுங்க சார். எனக்கு வேற யாருமில்ல" என்றாள். மாமா வாயைத் திறப்பதற்குள், "கவலையை விடுங்க, கையோட கூட்டிட்டு வந்துடறோம்" என்று மாப்பிள்ளை முந்திக்கொண்டான். அன்று ராத்திரி வரைக்கும் மாமா அவனோடு பேசவில்லை.

"பெருசு அப்பா. நடுவுல இருக்கறது அம்மா. இது குட்டி" என்று தலைவர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். "குடும்பத்தையே செஞ்சு கொடுத்துட்டான் மனுஷன். குலுக்கல் போட்டு ஆளுக்கு ஒண்ணா மூணு உறுப்பினர் வீட்டுல வெச்சிருக்கோம். நீங்க பிடிவாதமா கேட்டதாலதான் இன்னைக்கு முதல் தடவையா மூணையும் ஒண்ணு சேர்த்தோம்."

மாமா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"மாப்பிள்ளை, உங்க பையன் பொறந்தப்ப அவன்கிட்ட எது பெருசா இருந்துச்சு?"

"தொண்டை மாமா."

"தலை! எந்தக் குட்டிக்கும் உடம்பைவிடத் தலைதான் முதல்ல தெரியும். மூஞ்சி குட்டையா இருக்கும். கண்ணு பெருசா இருக்கும். இந்தக் குட்டியைப் பாருங்க. அப்பனோட அதே நீள மூஞ்சி, அதே சின்னக் கண்ணு, அதே கழுத்துச் சுருக்கம். இது குட்டியே இல்ல. சின்னதாப் போன பெருசு."

தலைவர் சிரித்தார். "பொம்மைதானே சார்! அவ்வளவு நுணுக்கமா…"

"நகம் எப்படி மடங்கும்னு பார்க்க வெளியூருக்குக் கிளம்பின ஆளுக்கு நுணுக்கம் தெரியாதா?" மாமா விரலை நீட்டினார். "சரி, இந்த வலது கை. அழகா மடக்கி ஊன்றியிருக்கு. இடது கை ஏன் மொழுக்குன்னு இருக்கு?"

"அது சேத்துல புதைஞ்சிருக்கு. எங்க சங்கத்துல ரெண்டு கூட்டம் போட்டுப் பேசி முடிவு பண்ணினோம்."

"அப்பா, அம்மா, குட்டி மூணு பேரும் ஒரே கையை, ஒரே ஆழத்துக்குச் சேத்துல விட்டாங்களா?"

தலைவர் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். மாப்பிள்ளைக்கு ஒன்று உறைத்தது. மெழுகு வீட்டை விட்டுப் போன அன்று எந்தக் கை முடியாமல் இருந்ததோ, அந்தக் கை இன்னும் முடியவில்லை. எலும்பைப் பார்த்திருந்தால் முடித்திருப்பார். உயிரோடு இருந்தால் எப்படியாவது பார்த்திருப்பார்.

"உங்க கட்டைவிரலைக் கொடுங்க மாப்பிள்ளை."

மாமா பெரிய பொம்மையைத் திருப்பி, வயிற்றிலிருந்த முத்திரைப் பள்ளத்தில் மாப்பிள்ளையின் கட்டைவிரலை வைத்தார். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. நடுப் பொம்மையில் விரல் சற்றுப் பிதுங்கியது. சின்னப் பொம்மையில் உள்ளேயே போகவில்லை.

"மூணுலயும் ஒரே ரேகை. குறுக்கே ஒரே தழும்பு, சூடு பட்டதா இருக்கும்" என்றார் மாமா. "ஒருத்தர் ஊரை விட்டுப் போகலாம், பேரை மாத்திக்கலாம், தாடி வெச்சுக்கலாம். வருஷா வருஷம் கட்டைவிரல் மட்டும் சிறுத்துக்கிட்டே போகுமா?"

தலைவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அப்ப இதை மெழுகு செய்யலையா?" தலைவரின் குரல் உள்ளே போயிருந்தது.

"மூலப் பொம்மையை அவர் செஞ்சார், போறதுக்கு முன்னாடி. அதுல அச்சு எடுத்து வேற யாரோ ஊத்தியிருக்காங்க. அச்சு ஒவ்வொரு தடவையும் சுருங்கியிருக்கு. நீங்க ஆசைப்பட்டுக் காத்துக்கிட்டு இருந்தீங்களா, சுருங்கினதைக் குடும்பம்னு நெனச்சுட்டீங்க."

"அப்ப மெழுகு இப்ப எங்க…"

மாமா சின்னப் பொம்மையின் பாதத்தை நகத்தால் சுரண்டினார். தலைவர் தன் தோலையே உரித்ததுபோல் அலறினார். பழுப்பு வண்ணத்துக்கு அடியில் இளஞ்சிவப்பு தெரிந்தது. அதற்குள் முடியளவு மெல்லிய சிவப்பு நூல்கள். மாமா அதை மூக்கருகே கொண்டுபோனார்.

"நகப்பூச்சு வாடை. இந்தக் கலரை எங்கேயோ பார்த்திருக்கேன்…"

யோசித்தார். பிறகு சட்டென்று வாய்க்குள் கைவிட்டு, தன் மேல்வரிசைப் பல்செட்டைக் கழற்றி, சாலிகோதீரியத்தின் பக்கத்தில் வைத்தார். தலைவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். ஈறும் பாதமும் ஒரே இளஞ்சிவப்பு. இரண்டிலும் அதே சிவப்பு நூல்.

"ஈறு நெசமா தெரியணும்னு நூல் போடறவர் இந்த ஊர்ல ஒருத்தர்தான்" என்றார் மாமா, பல்லை மாட்டிக்கொண்டு. "பெருமையடிச்சுக்கிட்டேதான் எனக்கு மாட்டிவிட்டார். வண்டியை எடுங்க."

"வாயிலேயே தடயத்தை வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடியிருக்கோம் மாமா."

மாமா சிரிக்கவில்லை. மாப்பிள்ளைக்கும் தன் நகைச்சுவையில் அன்று உப்பு குறைவாகத்தான் பட்டது.

*

வண்டி சிக்னலில் நின்றபோது போன் அடித்தது. மெழுகின் மனைவி. தினமும் ஒருமுறை கூப்பிடுவாள். கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"ஏதாவது தெரிஞ்சுதுங்களா?"

பின்னால் மிக்ஸி ஓடுவதுபோல ஒரு கிறீச் சத்தம். மாப்பிள்ளை மாமாவைப் பார்த்தான். மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கையோடு கூட்டிவருகிறேன் என்று வாக்குக் கொடுத்த வாய், சும்மா இருக்க மாட்டேன் என்றது.

"ஒரு துப்பு கிடைச்சிருக்குங்க. பொம்மை எதுல செஞ்சதுன்னு கண்டுபிடிச்சாச்சு. பல்செட் செய்யற பொருள். செய்யற இடத்துக்குத்தான் போய்க்கிட்டு இருக்கோம்."

மறுமுனையில் கிறீச் சத்தம் நின்றது.

"அப்படிங்களா" என்றாள் அவள். போன் அணைந்தது.

"பாவம், சந்தோஷத்துல பேச்சே வரல" என்றான் மாப்பிள்ளை.

"பின்னால என்ன சத்தம் அது?"

"வீட்டுல எதையோ அரைக்கறாங்க போல. மாமா, நான் ஒண்ணு யோசிச்சேன். அச்சு எடுக்கணும்னா மூலம் கையில இருக்கணும். மூலம் வெச்சிருக்கறவனுக்கு மெழுகு இருக்கற இடம் தெரியும். அவனைப் பிடிச்சு ரெண்டு தட்டு தட்டினா…"

"அந்தம்மா எங்கே வேலை பார்க்கறாங்க மாப்பிள்ளை?"

"ஏதோ கடைன்னு சொன்னாங்க."

"என்ன கடை?"

மாப்பிள்ளை கேட்கவில்லை. கடை என்று சொன்னாள், கடை என்று வைத்துக்கொண்டான். அவளுடைய முகத்தைப் பார்த்தபிறகு மேலே குடைய மனசு வரவில்லை. இதை மாமாவிடம் சொன்னால் துப்பறிகிறவனுக்கு மனசு எதற்கு என்பார். அவன் கியரை மாற்றினான்.

*

பல்செட்காரரின் கடை ஒரு குறுகிய தெருவின் கோடியில், தையல் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் இருந்தது. கண்ணாடி அலமாரி முழுக்கப் பற்கள் வரிசை வரிசையாகச் சிரித்தன. உடம்பில்லாத அத்தனை சிரிப்பை மாப்பிள்ளை ஒரே இடத்தில் பார்த்ததில்லை.

"வாங்க வாங்க! எப்படி, நல்லா கடிக்குதா?" என்று மாமாவை வரவேற்றார் பல்செட்காரர்.

"இன்னைக்கு ரொம்பவே கடிச்சிருச்சு" என்ற மாமா, தலைவரிடம் இரவல் வாங்கி வந்த சின்னப் பொம்மையை மேஜையில் வைத்தார். "இது உங்க சரக்குதானே?"

அவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். ஒளிவுமறைவு தெரியாத மனிதர். "என் சரக்குதான். ஆனா நான் செய்யல. இங்க வேலை பார்க்கறவங்கதான் மிச்சம் மீதி விழற ஈறுப் பவுடரைச் சேர்த்து வெச்சுக்கவான்னு கேட்டாங்க, எடுத்துக்கோங்கன்னு சொல்லிட்டேன். குப்பைக்குப் போறதுதானே. குழந்தைங்களுக்கு விளையாட்டுச் சாமான் செய்யறாங்கன்னு நெனச்சேன்."

"இது ஏன் சார் ஒண்ணைவிட ஒண்ணு சின்னதா வருது?" மாப்பிள்ளை குறுக்கிட்டான்.

"நாங்க வாயில அச்சு எடுக்கற மாவு இருக்கு பாருங்க, அது தண்ணியில குழைக்கறது. எடுத்த உடனே ஊத்திடணும். விட்டா தண்ணி வத்தி, அச்சு சுருங்கிப்போயிடும். அதுல பல்செட் செஞ்சா பொம்மைக்குத்தான் மாட்டலாம். அவங்க அச்சை எடுத்து வெச்சுட்டு, ஈறுப் பவுடர் போதுமான அளவு சேர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருப்பாங்க. இப்பல்லாம் எனக்கு ஆர்டரே கம்மி. மிச்சமும் கம்மி. ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியதாப் போச்சு."

காத்திருந்த அளவுக்குச் சுருங்கியிருக்கிறது என்று மாப்பிள்ளைக்குப் புரிந்தது. யார் காத்திருந்தது என்று மட்டும் இன்னும் புரியவில்லை, அல்லது புரிந்துகொள்ள அவனுக்கு இஷ்டமில்லை.

உள்ளேயிருந்து கிறீச்சென்று ஒரு சத்தம் எழுந்தது. போனில் கேட்ட அதே சத்தம்.

"பல்லுக்குப் பாலிஷ் போடற மோட்டார்" என்றார் பல்செட்காரர். "உள்ளதான் இருக்காங்க. போய்ப் பாருங்களேன்."

மாமா அசையவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். எந்த நியாயமும் இல்லாமல், கதவுக்கு அந்தப் பக்கம் ஐந்து வருஷத் தாடியோடு மெழுகு உட்கார்ந்திருப்பார் என்று மாப்பிள்ளைக்கு ஒரு நப்பாசை. தழும்புள்ள கட்டைவிரலால் தாடியைச் சொறிந்துகொண்டு, 'கண்டுபிடிச்சுட்டீங்களா' என்று அவர் அசடு வழியச் சிரிப்பதுவரை மனசுக்குள் ஓட்டிவிட்டான். கதவைத் தள்ளினான்.

சிறிய அறை. ஒரு ஜன்னல், ஒரு மேஜை, ஓடி நிற்கிற மோட்டார். அலமாரியில் தனியாக, துணி விரித்து, மெழுகில் செய்த சாலிகோதீரியம். மூன்றையும்விடப் பெரியது. ஒரு கை அழகாக மடங்கியிருந்தது. மற்றது வெறும் உருண்டை.

மேஜைக்குப் பக்கத்தில் மெழுகின் மனைவி நின்றிருந்தாள். மணிக்கட்டு வரை இளஞ்சிவப்பு.

"வாங்க" என்றாள், வீட்டுக்கு வந்தவர்களைக் கேட்பதுபோல. "போன்ல சொன்னப்பவே தெரியும், வந்துடுவீங்கன்னு."

மாப்பிள்ளை கதவுக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்த்தான். வெட்கமாக இருந்தது, ஆனாலும் பார்த்தான்.

"அவர் இங்க இல்லீங்க" என்றாள் அவள். "நான் மட்டும்தான்."

"மூணும் நீங்க அனுப்பினதா?" என்றார் மாமா.

"ஆமா."

"ஏம்மா?"

அவள் கையைத் துணியில் துடைத்தாள். நிறம் போகவில்லை. "முதல் வருஷம் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடையா நடந்தேன் சார். தகவல் வந்தா சொல்றோம்மான்னு ஃபைலைத் தூக்கி மேல வெச்சுட்டாங்க. அப்புறம் இங்க வேலைக்குச் சேர்ந்தேன். அச்சு எடுக்கறதைப் பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டேன். முதல் பொம்மை சங்கத்துக்குப் போய்ச் சேர்ந்த அன்னைக்கு அவங்க போலீஸுக்குச் சொல்லி, சாயங்காலமே எங்க வீட்டு வாசல்ல போலீஸ் ஜீப் நிக்குது. அந்த ஃபைல் கீழ இறங்கிடுச்சு. கொஞ்ச நாள் தேடினாங்க. மறந்துட்டாங்க. இன்னொண்ணு அனுப்பினேன். மறுபடி தேடினாங்க. அவங்க மறக்கறப்பெல்லாம் ஞாபகப்படுத்தினேன். வேற நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

மாப்பிள்ளை, குட்டி என்று தொட்டுக் காட்டிய தலைவரை நினைத்துக்கொண்டான். யாரிடம் கோபப்படுவது என்று தெரியவில்லை.

மாமாவுக்குத் தெரிந்திருந்தது. "அம்மா, நான் சொல்றது கசக்கும். போலீஸ் தேடினது யாரைன்னு யோசிச்சுப் பார்த்தீங்களா? பொண்டாட்டியை விட்டுட்டு ஓடிப்போய், எங்கேயோ ஒளிஞ்சு உக்காந்து பொம்மை செய்யற ஒரு ஆளை. அப்படிப்பட்ட ஆளை லாட்ஜுல தேடுவாங்க, பட்டறையில தேடுவாங்க. ஆஸ்பத்திரியில தேட மாட்டாங்க. யாருமே வந்து வாங்கிக்காத உடம்பு ஒண்ணு எங்கேயாவது கிடந்திருந்தா, இவரா இருக்குமோன்னு ஒருத்தனும் கேட்டிருக்க மாட்டான். எப்படிக் கேப்பான்? அவர்தான் பொம்மை அனுப்பிக்கிட்டு இருக்காரே! நானும் ஒரு வாரமா அந்தத் தப்பைத்தான் பண்ணிக்கிட்டு இருக்கேன்."

அவள் முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மாமா கொஞ்சம் நாக்கை அடக்கியிருக்கலாம் என்று மாப்பிள்ளைக்குப் பட்டது. சொன்னது அத்தனையும் சரி. சரியாக இருந்ததுதான் கொடுமை.

"நான் அப்படி நெனச்சே பார்க்கல" என்றாள் அவள். பிறகு தலை நிமிர்ந்தாள். "உங்ககிட்டயும் வந்தேனே சார்."

"போன வாரம் வந்தீங்க."

"இல்ல. அதுக்கு முன்னாடி. இந்தப் பொம்மை எதுவும் வர்றதுக்கு முன்னாடி. அப்ப இவர் உங்ககூட இல்ல. நீங்க ஏதோ எழுதிக்கிட்டு இருந்தீங்க, நிமிர்ந்து பார்க்கல. 'ஆளைக் காணோம்னு மட்டும் வந்து நின்னா நான் எங்கேன்னு தேடறது? ஏதாவது ஒரு தடயம் கொண்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்'னு சொன்னீங்க." அவள் குரலில் குற்றம்சாட்டல் எதுவுமில்லை. "கொண்டு வந்தேன்."

மாமா அவளையே பார்த்தார். ஞாபகத்தில் துழாவுகிறார் என்பது அவர் கண்ணில் தெரிந்தது. ஒன்றும் கையில் அகப்படவில்லை என்பதும் தெரிந்தது. அந்த வாக்கியத்தை மாப்பிள்ளையும் அறிவான். ஆபீஸ் கதவுக்கு வெளியே நின்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறான். வந்தவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். வம்பில்லாமல் ஆளை அனுப்பிவைக்கிற நல்ல வாக்கியம் என்று அவனே மெச்சியிருக்கிறான்.

"நான் அன்னைக்கே தேடியிருக்கணும்" என்றார் மாமா. இத்தனை சின்னக் குரல் அவரிடம் இருப்பது மாப்பிள்ளைக்கு அதுவரை தெரியாது.

"இப்ப தேடுவீங்களா?"

தேடுகிறேன் என்று சொல்லித் தொலையுங்களேன் மாமா என்று மாப்பிள்ளை மனசுக்குள் மன்றாடினான். ஒரு வார்த்தைதானே. பொய்யாக இருந்தால்தான் என்ன.

"எங்கேம்மா தேடறது?" என்றார் மாமா. "பஸ்ல ஏறினார். அதுக்கு மேல என்கிட்ட ஒண்ணுமே இல்ல. இந்தப் பொம்மை ஒண்ணுதான் இருந்துச்சு, அதுவும் இப்ப இல்லன்னு ஆயிடுச்சு. அஞ்சு வருஷம் ஓடிப்போச்சு. அன்னைக்கு அந்த பஸ்ல வந்தவங்க யாருன்னு இன்னைக்கு யாரைப் போய்க் கேக்கறது? தேடறேன்னு நான் சொன்னா, அது உங்களை ஏமாத்தறதாத்தான் இருக்கும்."

"சரி" என்றாள் அவள்.

எழுந்தாள். மேஜைமேல் ஒரு கிண்ணத்தில் இளஞ்சிவப்புக் கூழ் கலந்து வைத்திருந்தது. நகப்பூச்சு வாடை அறையில் அடர்ந்திருந்தது. அதன் பக்கத்தில் காய்ந்து வெடித்த அச்சு, இரண்டு பாதியாக. உள்ளே ஒரு மிருகத்தின் பள்ளம். மாப்பிள்ளை அதை எட்டிப் பார்த்தான். மூன்றாவதைவிடவும் சிறியதாக இருந்தது.

"இன்னுமா?" அவனையறியாமல் வாயில் வந்துவிட்டது. "இதையும் அனுப்பினா மறுபடியும் அதே தப்புதானேங்க? போலீஸ் மறுபடியும் தப்பான இடத்துலதானே தேடும்?"

"தப்புதான்." அவள் குச்சியால் கூழைக் கிளறினாள். குச்சி லேசாகச் சிக்க ஆரம்பித்திருந்தது. "ஆனா இதை நிறுத்திட்டா, அப்புறம் அவரைப் பத்தி யாரு கேப்பாங்க?"

வெளியே பல்செட்காரர் யாரிடமோ, நன்றாகக் கடித்துப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் அச்சின் இரண்டு பாதிகளையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு கையால் பிடித்துப் பார்த்தாள். மற்றக் கையால் கிண்ணத்தைத் தூக்கியதும் பாதிகள் விலகின. மறுபடி சேர்த்தாள். மறுபடி விலகின.

"சார், இது இறுகிடும். இந்தப் பக்கம் கொஞ்சம் அழுத்திப் பிடிச்சுக்கோங்க. என் ஒருத்தியால முடியல."

மாமா மேஜைப் பக்கம் போனார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் பிடித்தார்.